வயலின் வில் பிடிக்கும் கைக்கு எந்தப் பந்து?

வணக்கம் நேயர்களே. இங்கிலாந்தில் மான்செஸ்டரின் சேத்தம்ஸ், வயலின் மேதை யெகுதி மெனுகின் 1963-இல் தொடங்கிய பள்ளி என்று இசைக்கென்றே சில பள்ளிக்கூடங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் விளையாட்டுச் சொல்லித்தரப் போகிறவரிடம் எல்லாரும் கேட்பது, "விரலுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" அதற்குப் பயந்து பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைப்பது சோம்பேறித்தனம் என்பேன்.

வயலின் வாசிக்கும் பிள்ளையைப் பின்னாலிருந்து பாருங்கள். பல பேருக்கு இடது தோள் சற்றுத் தூக்கியிருக்கும். அதனால் பந்தைத் தொடுமுன் ரப்பர் பட்டை. நெஞ்சு உயரத்தில் கட்டி, முழங்கைகளைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு விநாடி நிறுத்தி, 12 முறை, இரண்டு சுற்று. தோள் காதை நோக்கி ஏறினால் பட்டை கனம், மெல்லியதைக் கொடுங்கள். தண்டால் வேண்டாம், மணிக்கட்டு முழுதாக மடங்கும். அதற்குப் பதில் முழங்கை ஊன்றி, உடம்பை நேராக வைத்து நிற்கட்டும்.

நீச்சலும் ஓட்டமும் கவலையில்லாதவை. பேட்மின்டனும் ஆடலாம், மட்டையை இறுக்கிப் பிடிக்காதவரை. கிரிக்கெட் என்றால் டென்னிஸ் பந்து போதும். ஹாக்கியில் டிரம்பெட், கிளாரினெட் ஊதும் பிள்ளைகளுக்குப் பல் காப்பு கட்டாயம். கால்பந்தில் கோல்கீப்பர் வேலை இசைப் பிள்ளைகள் யாருக்கும் வேண்டாம். மற்ற இடங்களில் ஆடுகிறவர்களுக்கும் விழுவதைச் சொல்லித்தர வேண்டும்: கையை ஊன்றாமல், மெத்தையில் தோளால் உருண்டு, இரண்டு பக்கமும்.

கைப்பந்தில் முன்கையால் எடுப்பது சரி. வலையருகே தடுக்கத் தாவும்போதுதான் பந்து விரல் நுனியில் நேராக மோதும். நுனிக்கணு தொங்கி, தானாக நிமிராவிட்டால் விரலை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கலாம். சுளுக்கென்று இழுத்து நீவிவிடாதீர்கள்! நிமிர்த்தியபடியே கட்டி, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் கட்டு இருக்கும். நடுவில் ஒருமுறை கணு மடங்கினாலும் நாட்களை முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். குளிக்கும்போது கட்டைக் கழற்றிப் பார்க்கிற பிள்ளைகளிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

நேர அட்டவணைதான் உண்மையான தலைவலி. ஆடிக் களைத்த கையில் வில் நடுங்கும். ஆகவே ஒத்திகைக்கு முந்தைய மணியில் விளையாட்டு கூடாது. ஆனால் டிசம்பரில் இங்கிலாந்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். வெளிமைதானத்தை மதியத்துக்கு வைத்து, அடுத்த பாடத்தை ஏட்டுப் படிப்பாகக் கேட்டு வாங்குங்கள். குளிரில் விறைத்த விரல் வெதுவெதுப்பாகும் வரை வாத்தியப் பெட்டியைத் திறக்க விடாதீர்கள்.