நாணம் யார் வீட்டுச் சொத்து?

நடுவர் அவர்களே, எதிரணித் தம்பி "நாணம் பெண்ணுக்கு மட்டுமே உரியது, தொல்காப்பியரே சொல்லிவிட்டார்" என்று முழங்கிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். குடிக்கட்டும். "அச்சமும் நாணும் மடனும் முந்துறுதல் நிச்சமும் பெண்பாற்கு உரிய" என்று இருப்பது உண்மைதான். ஆனால் எங்கே இருக்கிறது? களவியலில். ஊருக்குத் தெரியாமல் காதலிக்கிறவளின் மனசைச் சொல்கிற இடம் அது, அதைப் பிய்த்துக்கொண்டு வந்து பஸ் ஸ்டாப்பில் சத்தமாகச் சிரிக்கிற பெண்ணின் தலையில் கட்டினால் எப்படி? அப்புறம், அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நாலாகச் சொல்கிறோமே, அந்த வரியில் பயிர்ப்பே கிடையாது, நாலாவதாகப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பயிர்ப்பு என்றால் என்ன என்று இங்கே கேட்டால் பாதிப் பேர் வயலைப் பார்ப்பீர்கள்! பழகாத ஒன்றைத் தொடக் கூசுவது, அவ்வளவுதான்.

மடம், அதாவது அறியாமை, பெண்ணுடையதாம். சரி, வள்ளல் பேகனைப் பாடிய பரணர் "கொடைமடம் படுதல் அல்லது படைமடம் படான்", கொடுப்பதில்தான் அவனுக்கு மடம், போரில் கிடையாது என்கிறாரே, பேகன் என்ன பெண்ணா?

வள்ளுவரிடம் வருகிறேன். நாணுடைமைக்கு ஒரு முழு அதிகாரம். முதல் குறளிலேயே "கருமத்தால் நாணுதல் நாணு" என்று பிரித்துவிடுகிறார்: செய்யக்கூடாததைச் செய்யக் கூசுவதுதான் நாணம், அழகான நெற்றியுள்ள பெண்களின் வெட்கம் வேறு சங்கதி. இன்னொரு இடத்தில் காதலித்தவன் புலம்புகிறான், "நாணொடு நல்லாண்மை பண்டுடையேன்", அதெல்லாம் முன்பு என்னிடம் இருந்தது, இப்போது இருப்பது காதல் கைகூடாதவன் ஊரறிய ஏறிப் போகிற பனைமடல் குதிரைதான் என்று. ஆக, ஆண்பிள்ளையிடமும் இருந்திருக்கிறது ஐயா, தொலைத்துவிட்டுத்தான் அழுகிறான்.

போன மாதம் ஒரு கல்யாணம். போட்டோகிராபர் மணப்பெண்ணிடம், "கொஞ்சம் வெட்கப்படுங்க மேடம், தலையைக் குனிங்க, இன்னும் கொஞ்சம்" என்கிறார். விடியற்காலை 4 மணிக்கு எழுந்த பிள்ளை, அவளுக்கு வந்தது பசி. பக்கத்தில் மாப்பிள்ளை நிமிர்ந்து நிற்கிறார், அவரை யாரும் குனியச் சொல்லவில்லை. "பொம்பளைப் பிள்ளைக்கு நாணம்தானே அழகு" என்று முன்வரிசையில் இருந்து ஒரு பெரியவர் எடுத்துக்கொடுத்தார். பந்தி முடிந்து வெளியே வந்தால் அதே பெரியவர், பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மண்டபத்துச் சுவரில் "இங்கு சிறுநீர் கழிக்காதீர்" என்று எழுதியிருக்கிறதே, சரியாக அதற்குக் கீழே.