ஸ்வெட்டர் கையை ஏற்றிப் பாருங்கள்

பெரியோர்களே, உறவினர்களே, வணக்கம்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து முதியோர் இல்லத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போகிறோம். ஸ்வெட்டர், குல்லாய், சாக்ஸ், மேலே ஒரு சால்வை. முகம் மட்டும்தான் தெரிகிறது. வீடியோ காலிலும் அவ்வளவுதான். நம் மலைக் குளிர் காயத்தை நன்றாகவே மறைத்துவிடும். கதவைச் சாத்திவிட்டு ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றிப் பாருங்கள்.

புறங்கையில் கருநீலத் திட்டு இருந்தால் உடனே பதற வேண்டாம். வயதானால் தோல் மெலியும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லேசாக இடித்தாலே ரத்தம் கட்டும். மேல்கையின் உட்புறத்தில் விரல் பதிந்தாற்போல வரிசைத் தடம், இரண்டு மணிக்கட்டிலும் வளையம், காது, கழுத்து என்றால் விஷயம் வேறு. வால் எலும்புப் பக்கமும் குதிகாலும் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வருகிற இடங்கள் அவை.

"யாரும்மா அடிச்சா?" என்று கேட்காதீர்கள். பிறகு சொல்லிக்கொடுத்தது என்பார்கள். "இது எப்படிம்மா ஆச்சு?" போதும். அவர் சொன்ன வார்த்தையையே, படுக மொழியில் சொன்னால் அந்த மொழியிலேயே, தேதியும் மணியும் போட்டு எழுதுங்கள். 'கொடுமை செய்தார்கள்' என்பது உங்கள் முடிவு. 'இடது மேல்கை உட்புறம் நான்கு தடம், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசளவு' என்பது கண்ணால் பார்த்தது. ஆள் தெரிய ஒரு படம், ஸ்கேல் வைத்துக் கிட்டத்தில் ஒரு படம். வாட்ஸ்அப்பில் போனால் தெளிவு குறையும். மூலப் படத்தைப் போனிலிருந்து அழிக்காதீர்கள்.

மேனேஜரோடு சண்டை அப்புறம். முதலில் அங்கே போனால் மருந்துப் பதிவேடு 'திருந்தி'விடலாம். அரசு மருத்துவமனையில் காட்டி, காயம் வந்த விதத்தை விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். உடனடி ஆபத்தென்றால் 112. ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. மாவட்ட சமூகநல அலுவலருக்கும் ஒரு நகல்.

போலீஸ் புகாரில் ஒரு நுட்பம் உண்டு. வெறும் அடி என்று எழுதினால் பெரும்பாலும் சிஎஸ்ஆர் ரசீதோடு, அதாவது புகார் வந்தது என்ற ஒப்புகைச் சீட்டோடு, நின்றுவிடும். கட்டிலோடு கட்டியதும் அறையில் வைத்துப் பூட்டியதும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றம். நடந்திருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். மகன் கோவையில் இருந்தால் அங்குள்ள ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம். எல்லை காட்டித் திருப்பி அனுப்பப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பிஎன்எஸ்எஸ்) 173ஆம் பிரிவில் இடமில்லை. எஃப்ஐஆர் நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட அந்த ரசீது வேண்டியிருக்கும்.