அணிக்கு முன்பே பிறந்த ரசிகர்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

புதிதாகத் தொடங்கப்பட்ட ஒரு தொழில்முறை அணியை ஓர் ஊரில் வேரூன்றச் செய்வது வெற்றியே என்று எதிரணித் தலைவர் சற்று முன் வாதாடினார். அதற்கு அவர் காட்டிய சான்று, லாஸ் வேகாஸ் நகரின் கோல்டன் நைட்ஸ் ஐஸ் ஹாக்கி அணி. 2017-இல் ஆடத் தொடங்கி, முதல் பருவத்திலேயே, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் சாம்பியனுக்கு வழங்கப்படும் ஸ்டான்லி கோப்பையின் இறுதிச் சுற்றை எட்டியதால்தான் அந்த அணிக்குக் கூட்டம் சேர்ந்தது என்றார். அதே அணியை வைத்தே நான் மறுக்கிறேன்: வேர் பிடிக்க வைத்தவர்கள் ரசிகர்கள்.

2015 பிப்ரவரியில், இந்த அணியைத் தொடங்க முனைந்த பில் ஃபோலி என்ற தொழிலதிபர் சீசன் டிக்கெட்டுக்கு முன்பணம் கேட்டபோது, அவரிடம் ஆட்டக்காரர்கள் இல்லை, அணிக்குப் பெயர்கூட இல்லை. தேசிய ஹாக்கி லீக் அனுமதி அளித்ததே 2016 ஜூனில்தான். கோடையில் 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும் அந்தப் பாலைவன ஊரில், அனுமதி கிடைக்கும் முன்பே 10,000-க்கும் மேற்பட்ட இருக்கைகளுக்கு மக்கள் முன்பணம் கட்டியிருந்தார்கள். எந்த வெற்றியைப் பார்த்துக் கட்டினார்கள் என்று எதிரணியினர் விளக்க வேண்டும்.

2017 அக்டோபர் 1-ஆம் தேதி இரவு, அந்த நகரின் திறந்தவெளி இசை விழாவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 58 பேர் கொல்லப்பட்டதாக அப்போது அறிவிக்கப்பட்டது. ஒன்பது நாள் கழித்து அணியின் முதல் உள்ளூர் ஆட்டம். ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகைகளில் வழக்கமாக இருக்கும் விளம்பரங்களை எடுத்துவிட்டு, ஊருக்கு ஆறுதல் சொல்லும் வாசகத்தை எழுதியிருந்தார்கள். உயிர் காத்த மருத்துவப் பணியாளர்களும் காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் ஆட்டக்காரர்களோடு ஒவ்வொருவராகப் பனிக்களத்தில் வந்து நின்றார்கள். அரங்கம் 58 விநாடிகள் மௌனம் காத்தது. அந்த ஊரையே தன் வீடாகக் கொண்ட ஆட்டக்காரர் டெரிக் எங்கலண்ட் ஒலிவாங்கியை எடுத்துப் பேசினார். பின்னர் முதல் பகுதியிலேயே கோலும் அடித்தார். அன்று அணி 5-2 என்று வென்றது உண்மைதான். ஆனால் தோற்றிருந்தால் அந்த மக்கள் அணியைக் கைவிட்டிருப்பார்களா? அடுத்த மார்ச்சில், 58 என்ற எண்ணை இனி எந்த ஆட்டக்காரரும் அணியமாட்டார் என்று அறிவித்து, அதை அரங்கின் உச்சியில் ஏற்றினார்கள். உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் அந்த மரியாதையை, ஓர் இளம் அணி தன் ஊர் மக்களுக்குச் செய்தது.

வில்லியம் கார்ல்சன் பழைய அணியில் ஒரு பருவத்தில் 6 கோல்களே அடித்தவர், இங்கு வந்து 43 அடித்தார் என்று எதிரணி பெருமைப்பட்டது. பயிற்சியாளர் தந்த வாய்ப்பும் அவருடைய திறமையும் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், பிற அணிகள் விட்டுக்கொடுத்த ஆட்டக்காரர்களைத் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டு ஆர்ப்பரித்த ஊருக்கு அதில் பங்கே இல்லையா?

வெற்றிதான் வேர் என்றால், 1967-க்குப் பிறகு கோப்பையே காணாத டொராண்டோ அணிக்கு ஏன் இன்னும் டிக்கெட் கிடைப்பது அரிதாக இருக்கிறது? லாஸ் வேகாஸும் 2018 இறுதிச் சுற்றில் வாஷிங்டனிடம் தோற்றது. 2022-இல் பிளே-ஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. அப்போதும் அரங்கம் நிறைந்தே இருந்தது. கோப்பை வந்தது 2023-இல்தான். அதுவரை இருக்கையை விட்டு எழாமல் அணியைத் தாங்கியவர்கள் யார் என்பதைக் கணக்கில் கொண்டு தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.