பிளகினை நிறுத்தினா உங்க பக்கம் மிஞ்சுமா? | வேர்ட்பிரஸ் பிளாக் எடிட்டர்

[திரையில்: ஒரு பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிகள்]

இதைப் பாருங்க. எங்க சொந்தத்துல ஒருத்தரோட டெய்லர் கடைக்கு நான் செஞ்ச பக்கம் இது. படம், பட்டன், தையல் கூலி எல்லாத்தையும் இழுத்து இழுத்து அழகா அடுக்கியிருந்தேன். அப்படி அடுக்க உதவின பில்டர் பிளகினை, அதாவது வெப்சைட் செய்யுற வேர்ட்பிரஸ்ல கூடுதலா சேர்த்த கருவியை, ஒருநாள் நிறுத்தினேன். அவ்வளவுதான், கடைப் பேருக்கு முன்னாடியும் பின்னாடியும் அடைப்புக்குறி, உள்ளே ரோ, காலம் (row, column), ரோ, காலம். பிளகின் தனக்காகப் போட்டு வச்ச இந்தக் குறிப்புக்கு ஷார்ட்கோட்னு பேர். விடிய விடிய உட்கார்ந்து சுத்தம் பண்ணினேன். உங்களுக்கு அந்த ராத்திரி வரக் கூடாதுன்னுதான் இந்த வீடியோ.

2018 டிசம்பர் 6, வேர்ட்பிரஸ் 5.0, குட்டன்பர்க்னு பேர் வச்ச பிளாக் எடிட்டர் வந்துச்சு; பாரா, படம்னு ஒவ்வொண்ணும் ஒரு பிளாக், தனிப் பிளகின் இல்லாமலே அடுக்கலாம். வரலாறு இது போதும்.

[திரையில்: புதிய பக்கம்]

கூட்டல் குறியை அழுத்துங்க, பிளாக் பட்டியல் வரும். வேணுங்கிறதை எடுத்துப் போடுங்க. இல்லைன்னா காலி வரியில ஒரு சாய்வுக்கோடு தட்டி பிளாக் பேரை அடிங்க; எனக்கு இதுதான் பிடிக்கும், கை கீபோர்டை விட்டு நகராது. டெஸ்க்டாப்புல இருக்கிற படத்தை நேரா இழுத்துப் போட்டாலும் சரி, இமேஜ் பிளாக் தானா உருவாகும். இடம் மாத்த, பிளாக் மேல தெரியுற ஆறு புள்ளியைப் பிடிச்சு இழுங்க. நீளமான பக்கம்னா, பிளாக் எல்லாத்தையும் வரிசையா காட்டுற லிஸ்ட் வியூவைத் திறந்து அங்கேயே இழுங்க, தப்பான இடத்துல விழாது. ஃபோன்லன்னா மேல், கீழ் அம்புக்குறி இருக்கு.

இப்போ நான் ரொம்ப ஆசையா காட்ட வந்த இடம். வலது மூலையில மூணு புள்ளி, அதுல கோட் எடிட்டர். அழுத்துங்க.

[திரையில்: கோட் எடிட்டர். ஒரு வரி பெரிதாகிறது]

பார்த்தீங்களா? நீங்க எழுதின பாரா, வெப் பக்கம் எழுதுற மொழியான சாதாரண எச்டிஎம்எல்லா இருக்கு. அதுக்கு மேல ஒரு வரி, கீழ ஒரு வரி: "டபிள்யூபி, பாராகிராஃப்"னு. இந்த ரெண்டும் எச்டிஎம்எல் கமென்ட். பிரவுசர் கமென்டைத் திரையில காட்டவே காட்டாது. எங்கே பிளாக் தொடங்குது, எங்கே முடியுதுன்னு எடிட்டர் தனக்காகப் போட்டு வைக்கிற அடையாளம் அது. நாளைக்கு இந்த எடிட்டரே வேண்டாம்னு விட்டாலும் உங்க பாரா பாராவாவே நிக்கும், படம் படமாவே நிக்கும்.

குட்டன்பர்க்ங்கிற பேரு எவ்வளவு பொருத்தம் பாருங்க! ஐரோப்பாவுல தனித்தனி உலோக எழுத்தைக் கோத்துப் புத்தகம் அச்சடிச்சவர் பேரு அது. நம்ம ஊர்லயும் அப்படித்தான்: 1578ல கொல்லத்துல, 16 பக்கத்துல ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாச்சு, உலோகத்துல வார்த்த தனித்தனி தமிழ் எழுத்தை வச்சு. அச்சுக்கோப்பவர் ஒவ்வொரு எழுத்தா எடுத்துக் கோத்து ஒரு பக்கத்தைக் கட்டுவார். அச்சடிச்சு முடிஞ்சதும் பிரிச்சு, அந்தந்த எழுத்தை அந்தந்த அறையில திரும்பப் போட்டுடுவார். எழுத்து கலைஞ்சுடும், ஆனா தாள்ல அச்சானது போகுமா? நான் ஒரு பில்டர்கிட்ட எதிர்பார்க்கிறதும் அதேதான். கருவியை எடுத்துட்டாலும் பக்கம் நிக்கணும்.

ஒரு விதிவிலக்கு. புதுப் பதிவுகளைப் பட்டியல் போடுற லேட்டஸ்ட் போஸ்ட்ஸ் மாதிரி சில பிளாக்குல கமென்ட் வரி மட்டும்தான் சேமிப்பாகும், உள்ளே எழுத்து இருக்காது. பக்கம் திறக்கும்போது சர்வர்தான் அதை நிரப்பும். அதனால கடை முகவரி, நேரம், விலை மூணையும் பாரா, பட்டியல், டேபிள் பிளாக்குல வைங்க.

எலிமென்டார்ங்கிற பில்டர் பிளகினை வச்சிருக்கிறவங்களுக்கும் சொல்லிடுறேன்: அது வடிவமைப்பைத் தனியா, பக்கத்தோட எழுத்துக்கு வெளியே போஸ்ட் மெட்டாங்கிற இடத்துல வைக்குது. நிறுத்தினா எழுத்து இருக்கும், அடுக்கு போயிடும்.

உங்க தளத்தோட ஒரு நகலை எடுத்து, அதுல பில்டர் பிளகினை நிறுத்திப் பாருங்க. அசல்ல வேண்டாம், நகல்ல மட்டும். என்ன மிஞ்சுச்சுன்னு கமென்ட்ல எழுதுங்க. அடைப்புக்குறி வந்தவங்க, "ஷார்ட்கோட்"னு ஒரு வார்த்தை போட்டாப் போதும். எப்படிச் சுத்தம் பண்றதுன்னு அடுத்த வீடியோல ஒவ்வொரு படியா காட்டுறேன்.