போனில விழித்திரைப் படம்: எடுக்கிறதும் கொழும்புக்கு அனுப்புறதும்

வணக்கம், வெள்ளவத்தையிலயிருந்து. பொத்துவில்ல இருக்கிற ஒரு சீனி வருத்தக்காரர், ஒரு படத்துக்காக இரவு பஸ் பிடிச்சுக் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு வராமல் இருக்கோணும் எண்டால், அங்க எடுக்கிற படம் இங்க பார்க்கிற டொக்டருக்குப் பிரயோசனமா வந்து சேரோணும். கனபேர் போனைத்தான் குறை சொல்லுவினம். என்னைக் கேட்டால் படம் கெடுறது ரெண்டு இடத்தில: வெளிச்சம் கண்மணிக்குள்ள போற இடத்தில, பிறகு வட்ஸ்அப்பில.

இதுதான் 20 டயொப்டர் லென்ஸ், விழித்திரையைப் பார்க்கக் கண்ணுக்கு முன்னால கையில பிடிக்கிறது. கிட்டப் பிடிக்கிறன், பாருங்கோ. ஒரு பக்கம் கொஞ்சம் கூட வளைஞ்சிருக்கு. அந்தப் பக்கம் எங்களைப் பார்த்து இருக்கோணும். நோயாளியின்ர கண்ணிலயிருந்து ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடியுங்கோ. விரலை அவரின்ர நெத்தியில ஊண்டுங்கோ, இல்லாட்டிக் கை ஆடும். போன் மற்றக் கையில, லென்சிலயிருந்து ஒரு சாண் தள்ளி.

அதுக்கு முதல் கண்மணியை விரிக்கிற மருந்து ட்ரொப்பிக்கமைட் 1 சதவீதம், ஒரு துளி, 20 - 30 நிமிஷம் பொறுக்கோணும். தலையில அடிபட்ட ஆளுக்கும், கண்ணின்ர முன்னறை ஆழமில்லாத ஆளுக்கும் டொக்டரைக் கேட்காமல் விடாதீங்கோ. மருந்து விட்ட பிறகு நோயாளி மோட்டார் சைக்கிள் ஓடி வீட்ட போகவும் கூடாது.

டோர்ச்சை எரியவிட்டு வீடியோவா எடுங்கோ. கூசுது எண்டால் டோர்ச்சுக்கு மேல ஒரு துண்டு மைக்ரோபோர் டேப். ரெண்டு மூண்டு கமரா உள்ள போனில, டோர்ச்சுக்குக் கிட்ட இருக்கிற கமராவைப் பாவியுங்கோ. வெளிச்சமும் கமராப் பார்வையும் ஒரே கண்மணிக்குள்ளால போய்வரோணும். டோர்ச்சுக்கும் கமராவுக்கும் இடையில தூரம் கூடினால் பாதி வட்டம் இருட்டு. கிட்டக் கொண்டு போனால் போன் தானா மக்ரோவுக்குத் தாவும், அதை ஓஃப் பண்ணி வையுங்கோ. லென்ஸ் முழுக்கச் செம்மஞ்சள் நிறைஞ்சதும் திரையை அழுத்திப் பிடிச்சு போக்கசைப் பூட்டி, எக்ஸ்போஷரைக் குறையுங்கோ, இல்லாட்டி நரம்புத் தட்டு, அதுதான் பார்வை நரம்பு விழித்திரையில தொடங்கிற வட்டம், வெளிறிப் போகும். இந்த வெள்ளைப் புள்ளி தெரியுதோ? டோர்ச்சின்ர தெறிப்பு. லென்சை ஒரு இம்மி சரிச்சால் ஒதுங்கும்.

இனி அனுப்புறது. ஸ்கிரீன்ஷொட் வேண்டாம், வீடியோவிலயிருந்து நல்ல ஃப்ரேமை முழு அளவில எடுங்கோ. வட்ஸ்அப்பில போட்டோவா அனுப்பினால் அது சுருக்கும். சுருக்கேக்க முதல்ல கழிபடுறது நுண்ணிய விவரமும் நிற வித்தியாசமும்தான். சீனி வருத்தத்தில முதல் தெரியிற மைக்ரோஅனியூரிசம், அதாவது நுண்ணிய ரத்தக் குழாயில வாற சின்ன வீக்கம், எண்டால் செம்மஞ்சளுக்கு மேல குண்டூசி முனையளவு சிவப்பு. அது கரைஞ்சு போகும், படம் மட்டும் சுத்தமா இருக்கும். மங்கலான படத்தைவிட இதுதான் ஆபத்து: மங்கலெண்டால் திருப்பிக் கேட்பினம், சுத்தமெண்டால் "ஒண்டுமில்லை" எண்டு எழுதிப் போடுவினம். அதனால டொக்கியுமென்டாவே அனுப்புங்கோ.

இந்த லென்ஸ் படத்தைத் தலைகீழாயும் இடம் வலம் மாத்தியும் காட்டும். 180 பாகை சுழற்றோணும். கண்ணாடி விம்பம் மாதிரிப் புரட்டினால் வலது கண் இடது கண்ணாகிப் போகும். சரியாச் சுழற்றின வலது கண்ணில நரம்புத் தட்டு வலப்பக்கம் நிக்கும்.

ஃபைலுக்கு ஆளின்ர பேர் வைக்காதீங்கோ. கிளினிக் இலக்கம், எந்தக் கண், திகதி காணும். கூடவே ரெண்டு கண்ணின்ர பார்வை அளவு, எத்தனை நாளாக் கரைச்சல், சீனி வந்து எத்தனை வருஷம் எண்டு எழுதுங்கோ. சுகாதாரத் தரவு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில விசேட வகை. ஆனால் போன் அதையெல்லாம் பார்க்காது, கலரியில உள்ளதைக் கூகிள் போட்டோசுக்கு ஏத்திவிடும். பெக்கப்பை நிப்பாட்டுங்கோ.

சுண்ணாம்போ அசிட்டோ பட்ட கண்ணுக்குப் படம் எடுக்க நிக்காதீங்கோ, உடனே தண்ணி விட்டுக் கழுவத் தொடங்குங்கோ. திரை விழுந்த மாதிரித் திடீரெண்டு பார்வை மறைஞ்சாலும் மெசேஜ் வேண்டாம், கோல் எடுத்துக் கதைச்சு ஆளை அனுப்புங்கோ.