வலை கட்டாத லோரி: மலேசியாவின் லங்காப் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரை

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, ஆலயத் தலைவர் டத்தோ அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, போலீஸ் நிலையத்திலிருந்து வந்திருக்கும் சார்ஜன் அவர்களே, மேடைக்குப் பந்தலும் நாற்காலியும் கொடுத்த இளைஞர் அணித் தம்பிகளே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் லோரி டிரைவர்களே, லோரி உதவியாளர்களாகிய கெலிண்டான்களே, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். சட்டமன்ற உறுப்பினர் இன்றைக்கு மூன்று நிகழ்ச்சிகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு என் தனி நன்றி.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. இந்தப் பழமொழியை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்கியதில்லை. இன்று இது நம் ஊருக்கே பொருந்தி வருகிறது. 2025 மே மாதம் தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் தேர் ஓடியது. அந்தக் கூட்டத்துக்குக் காவல் இருந்துவிட்டுத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸ்காரர்கள் 9 பேர், 13ஆம் தேதி காலை, சிக்குஸ் – சுங்கை லம்பாம் சாலையில் கல் ஏற்றி வந்த லோரி மோதி இறந்தார்கள். அனுமதித்த அளவைவிடக் கூடுதல் பாரம் அந்த லோரியில் இருந்தது என்று விசாரணைக் குழு சொன்னது. நம் தேருக்குக் காவல் நின்றவர்கள் வீடு போய்ச் சேரவில்லை. அந்தச் சாலையில்தான் நாம் தினமும் போய்வருகிறோம்.

லோரியில் பாரம் கட்டுவது பற்றி நான் மூன்று விஷயம் பேச வந்தேன்: வலை, கயிறு, பின்கதவு. வலையில் தொடங்குகிறேன்.

1991. எனக்கு 19 வயது, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் கெலிண்டான். தோட்டத்திலிருந்து ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர். டிரைவர் அண்ணன் நல்ல மனிதர், எனக்கு லோரி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அன்று காலையில் பலகைக்கு மேலே இரண்டு வரிசை குலை அடுக்கியிருந்தோம். “வலை போடவா அண்ணே?” என்று கேட்டேன். “அஞ்சு கிலோமீட்டர்தானே, ஏறுடா” என்றார். ஏறினேன்.

எங்கள் பக்கத்துக்குப் புட்டு மாயம், அதாவது இடியாப்பம், விற்கும் பெரியவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். பின்னால் மரப்பெட்டி, பக்கத்தில் ரப்பர் ஹாரன். அந்தப் பொம் பொம் சத்தம் கேட்டால் லயத்துப் பிள்ளைகள் தட்டோடு ஓடிவருவார்கள். அன்று அவர் எங்கள் லோரிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். பொம் பொம் என்று அடித்தார். மறுபடியும் அடித்தார். விடாமல் அடித்தார். அண்ணன் சொன்னார், “பெரியவருக்கு இன்னைக்கு வியாபாரம் சூடு போல.” நான் தலையாட்டினேன். கண்ணாடியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வளைவில் திரும்பினோம். 20 கிலோ இருக்கும் ஒரு குலை, முள்ளோடு, அவர் முன்சக்கரத்துக்கு நேரே விழுந்தது. வண்டி கால்வாயில் இறங்கியது. பெட்டி திறந்து புட்டு மாயமும் தேங்காய்ப்பூவும் சேற்றில் கொட்டிக் கிடந்தன. அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தது. நானும் அண்ணனும் கால்வாயில் இறங்கி அவரைத் தூக்கினோம். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவர் என்னைத் திட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார்: “ஏன்பா, குலை சரியுதுன்னு அத்தனை தடவை ஹாரன் அடிச்சேனே, உனக்குக் கேக்கலையா?”

கேட்டது, ஐயா. எனக்குக் கேட்டது. விற்பனைச் சத்தம் என்று நினைத்துவிட்டேன். அவர் பிழைத்தார், நடந்தார், ஆனால் மறுபடியும் மோட்டார் ஏறவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் எங்காவது ரப்பர் ஹாரன் கேட்டால் நான் முதலில் லோரியைத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

கயிறு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு டன் சரக்கு ஏற்றினால், அவசரப் பிரேக்கில் அது முன்னால் தள்ளும் விசை 800 கிலோ எடைக்குச் சமம் என்று வைத்துத்தான் கட்ட வேண்டும். பக்கத்துக்கும் பின்னாலும் 500 கிலோ. “இத்தனை கனம், எங்கே நகரப் போகுது” என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பாருங்கள். மேலே போட்டு இறுக்கும் பட்டை செங்குத்தாக இறங்கினால் முழு இழுப்பும் சரக்கை அழுத்தும். தளத்தோடு 30 பாகையில் சாய்ந்து போனால் பாதிதான் அழுத்தும். பட்டையில் முடிச்சுப் போடாதீர்கள், அந்த இடத்தில் பலம் பெருமளவு போய்விடும். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி இறங்கிப் பாருங்கள். ஆட்டத்தில் சரக்கு படியும், பட்டை தளரும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்றது இதற்கும்தான்.

இதெல்லாம் டிரைவருக்குத் தெரியாதா? தெரியும். பிறகு ஏன் கட்டுவதில்லை? எங்கள் அண்ணன் ஏன் கட்டவில்லை? டிரிப் கணக்கில்தான் காசு! வலை இழுத்துக் கட்ட இருபது நிமிடம். ஒரு நாளைக்கு ஐந்து டிரிப் ஓடுகிறவன் ஐந்து முறை கட்டினால் ஒரு டிரிப் போய்விடும். அந்த ஒரு டிரிப்பில்தான் வீட்டில் பால்மாவு வாங்குகிறான். கட்டுகிற நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே மடக்கினால் சம்மன் மட்டும் அவன் பேருக்கு வருகிறது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் அப்பா அம்மா மழை பெய்தால் கூலி இல்லை என்று இருந்தவர்கள். மாதச் சம்பளம் கேட்டு எத்தனை ஆண்டு போராடினார்கள் என்று இங்கே இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று அதே கூலிக்கணக்கை ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு போடுகிறார்கள். நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று வந்துவிட்டது. லோரிக்காரனுக்கு அதற்கு மேலே நிலையான மாதச் சம்பளம் வேண்டும். பாரம் கட்டும் நேரமும் வேலை நேரம் என்று எழுத்தில் வேண்டும். இந்த வண்டிக்கு அச்சாணி சம்பளம்தான். அது இல்லாமல் எத்தனை வலை வாங்கிக் கொடுத்தாலும் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கும்.

பின்கதவைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். இந்த மாதச் சம்பளம் கேட்டு மண்டபத்து வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். சட்டமன்ற உறுப்பினர் கையில் இன்றே கொடுக்கப் போகிறோம். லோரி ஓட்டுகிறவர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. லோரிக்குப் பின்னால் மோட்டாரில் போகிறவர்களும் போடுங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, வரிசையில் வாருங்கள். வணக்கம்.