கம்பெனி திவாலானால் சாவி யார் கையில்?

[திரையில்: பூட்டிய ஆலைக் கேட். பக்கத்தில் ஒரு பேப்பர் விளம்பரம்.]

திவால் மனுவை தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் இயக்குநர் குழுவின் அதிகாரம் அன்றோடு நிற்கும். செக்கில் கையெழுத்துப் போடுவதிலிருந்து ஆலையை ஓட்டுவது வரை எல்லாம், கம்பெனியைக் காப்பாற்ற வழி பார்க்கும் இடைக்காலத் தீர்வு நிபுணர் கைக்குப் போகும். அவரைத் தேர்ந்தெடுப்பது யார்?

1956 கம்பெனிகள் சட்டத்தில், கம்பெனியைக் கலைப்பது, அதாவது மூடிச் சொத்தை விற்றுக் கடனைத் தீர்ப்பது, ஐகோர்ட்டோடு இணைந்த அரசு அதிகாரியான அஃபிஷியல் லிக்விடேட்டர் வேலை. ஃபைல்கள் வருஷக்கணக்கில் கிடக்கும். 2016 திவால் சட்டம் இதைத் தனியார் நிபுணர்களிடம் கொடுத்தது. மனு போடும் வங்கியே பெயரையும் சொல்லலாம்.

சிக்கல் இங்கேதான். இந்த நிபுணர் பேப்பரில் விளம்பரம் கொடுத்து, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டு வாங்கிச் சரிபார்க்கிறார். அவர் ஏற்கும் கடன் தொகைதான் கடன் கொடுத்தோர் குழுவில் ஓட்டாகிறது. அந்தக் குழுவே 66 சதவீத ஓட்டில் அவரைத் தொடரவிடலாம், மாற்றவும் செய்யலாம். ஓட்டுப் பட்டியல் போடுபவரின் வேலையே அந்த ஓட்டில் தொங்குகிறது!

[திரையில்: 2020, ஸ்டேட் பேங்க் – மெட்டனேர் வழக்கு]

வங்கி முன்மொழிந்தவர், அதே வங்கியில் சுமார் 40 வருஷம் வேலை பார்த்து பென்ஷன் வாங்குபவர். கம்பெனி ஆட்சேபித்தது. பென்ஷன் வாங்குவதாலேயே அவர் வங்கி ஊழியராகிவிட மாட்டார். ஆனாலும் பாரபட்சம் இருக்குமோ என்ற அச்சம் நியாயமே, வேறு ஆளைக் கொடுங்கள் என்றது மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். என் கணக்கில் சரியான தீர்ப்பு.

அடுத்த கட்டம் கலைப்பு. கம்பெனியைக் காப்பாற்ற வந்த நிபுணரே, அது முடியாமல் போனால் லிக்விடேட்டராகலாம் என்றுதான் சட்டம் தொடங்கியது. முயற்சி தோற்றாலும் அவருக்கு அடுத்த ஃபீஸ் தயார். 2023 ஜூலையில், இந்த நிபுணர்களைக் கண்காணிக்கும் திவால் வாரியம் சுற்றறிக்கை விட்டது: லிக்விடேட்டராக வேறு ஆளைப் போடுங்கள். 2025 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்த திருத்த மசோதா இன்னும் தூரம் போனது. தானே மனு போடும் கம்பெனி தனக்கு வேண்டியவர் பெயரைக் கொடுக்கும் வழியை அடைக்கப் பார்த்தது. கலைப்பையும் கடன் கொடுத்தோர் குழுவே மேற்பார்வை பார்க்கட்டும், லிக்விடேட்டரை 66 சதவீத ஓட்டில் மாற்றட்டும் என்றது.

பிடி மறுபடியும் வங்கிகளிடம்தான். ஆலைத் தொழிலாளியின் 24 மாதச் சம்பள பாக்கிக்கு, கலைப்புப் பணத்தில் அடமானக் கடனோடு சம இடம் உண்டு. ஆனால் வங்கிகள் உட்காரும் அந்தக் குழுவில் அவருக்கு ஓட்டு கிடையாது. மசோதாவை வாசித்தபோது நான் முதலில் தேடியது தொழிலாளிக்கு அந்த ஓட்டு உண்டா என்பதைத்தான்.